சாந்தாமணி போட்ட எட்டாவது கட்டம்

திருப்பூருக்குத் தெற்கே கருக்கன்காட்டில் ஒரு வருசம் வாரத்துக்கு எட்டு நாள் வந்தது. அதைச் சாமியும் குடுக்கவில்லை, சர்க்காரும் குடுக்கவில்லை. ரெண்டாவது லைன் வீட்டுச் சாந்தாமணிக்கு வந்த கோபம் குடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அன்றைக்கே முழுங்கிவிடுகிற கோபமென்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான வருசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பிடி, ஒரு பிடி என்று சேர்ந்து, அரிசி மூட்டை மாதிரி வீட்டு மூலையில் நின்றுகொண்டிருந்த கோபம் அது. அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

சாந்தாமணி ஆறுச்சாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, நூல் தொங்கல் இருந்தால் ஒதுக்குகிற வேலை. அவள் புருசன் சென்னியப்பன் அதே கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். கார்த்திகை பிறந்ததும் சாந்தாமணி காலண்டர் போட ஆரம்பிப்பாள். நகைக்கடைக்காரனும் ஜவுளிக்கடைக்காரனும் சும்மா குடுக்கிற காலண்டர் வீட்டுக்கு நாலு கிடந்தாலும், கருக்கன்காட்டுப் பெண்களுக்குச் சாந்தாமணி காலண்டர்தான் வேண்டும். அதில் கட்டம் பெரிசு. பால் வாங்காத நாளுக்குச் சுழி போடலாம், சிலிண்டர் மாற்றிய நாளைக் குறிக்கலாம், தூரமான நாளுக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வைக்கலாம்.

அச்செல்லாம் அவளே வெட்டியது. தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் அடியைப் பிளேடால் சீவி, ஒன்றிலிருந்து ஒன்பதும் சுழியும் இடம்வலம் மாற்றிச் செதுக்கி வைத்திருந்தாள். பொங்கலுக்குப் பானை, ஆடிக்கு வேப்பிலை, ரம்சானுக்குப் பிறை என்று எல்லாம் செருப்பு ரப்பர்தான். சாயப்பட்டறையில் வாங்கிய கெட்டிச் சாயத்தை ஸ்பாஞ்சில் நனைத்து, அச்சைத் தொட்டுத் தொட்டுக் குத்துவாள். அமாவாசைக்கு ஒரு கறுப்புப் பட்டன், பௌர்ணமிக்கு ஒரு வெள்ளைப் பட்டன், தாளோடு சேர்த்து ஊசிநூலால் தைத்துவிடுவாள். முதுகுக்கு அட்டைப்பெட்டி அட்டை, மேலே மாட்டுவதற்கு எலாஸ்டிக் நாடா.

கட்டத்துக்கு மட்டும் அவள் கோடு போடுவதில்லை. ஸ்கேல் வைத்து ஏழு பாகம் பிரிக்க எந்த மவராசிக்குப் பொறுமை இருக்கிறது? தாளைப் பாதியாக மடி, அதைப் பாதியாக மடி, அதையும் பாதியாக மடி, நகத்தால் அழுத்தித் தேய், பிரி, அவ்வளவுதான், மடிப்பே கோடு. அப்படி மடித்தால் ஏழு வராது, எட்டுத்தான் வரும். சனிக்கிழமைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை சும்மா மிஞ்சும். அதன் மேல் கட்டிங் வேஸ்ட் துணியில் இலையும் பூவுமாக வெட்டித் தைத்த ஒரு கொடியை ஒட்டி மறைத்துவிடுவாள். பார்க்கிறவர்கள் அந்தக் கொடிதான் அழகு என்பார்கள். அடியில் ஒரு வரிசை நாள் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷிப்மெண்ட் என்று சொல்லி மத்தியானம் வரை கம்பெனி ஓடியது. வந்து, வாரத்துத் துணியைத் துவைத்து, மாவாட்டி, தண்ணி பிடித்து, பொழுது சாயப்போகிற நேரத்தில்தான் காலண்டர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாத் தாளும் முடிந்திருந்தது, கொடி ஒட்டுவதுதான் பாக்கி. பசை டப்பாவைத் திறக்கிறாள், சென்னியப்பன் சித்தப்பன் மகனையும் ரெண்டு கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு கோழிக்கறிப் பையோடு உள்ளே நுழைகிறான்.

"சாந்தா, ஒறம்பரை வந்திருக்குது பாரு. வெரசாக் கறியாக்கு."

"வேலையா இருக்கறனுங்க. பசை காஞ்சு போயிரும்."

"என்ன பெரிய வேலை? சும்மாதான உக்காந்துட்டு இருக்கற."

வந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன், "அட, அண்ணி சின்னப் புள்ளையாட்ட வெளையாடிட்டு இருக்குது, உடுங்கண்ணா" என்றான்.

சாந்தாமணி எழுந்து போய் வெங்காயம் உரித்தாள். மசால் அரைத்தாள். கறி ஆக்கினாள். அவர்கள் தின்று, ஏப்பம் விட்டு, எலும்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போன பிற்பாடு, வருசம் பூராவும் தைத்துச் சேர்த்து வைத்திருந்த கொடிகளை முறத்தோடு எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து செருப்பின் குதிகாலில் வெட்டிய வட்ட அச்சை எடுத்தாள், சிவப்புச் சாயத்தில் முக்கினாள், மிஞ்சிய எட்டாவது வரிசையில் கட்டத்துக்குக் கட்டம், மாசத்துக்கு மாசம், வீட்டுக்கு வீடு, டொம்டொம்மென்று குத்தினாள். "ஞாயித்துக்கெழமைய நீங்களே வெச்சுக்குங்க. இது எனக்கு. இது எனக்கு. இது எனக்கு" என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னாள். கை முழுக்கச் சிவப்பு.

அடுத்த வீட்டுப் பாத்திமுத்து தென்காசிப் பக்கம். அவளும் செக்கிங்தான், சாந்தாமணியின் அந்தக் கையைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் காலண்டரை வாங்கினாள். "எக்கா, கொடி எங்க? இது என்ன, சனிக்குப் பொறவு ஒரு செவப்புக் கட்டம்?"

"அது எனக்குப் போட்டுக்கிட்டது."

"அப்பம் எனக்கு?"

"உனக்குந்தான் போட்டிருக்கறேன். எடுத்துட்டுப் போ."

தை பிறக்கும் முன்பே அந்த நாள் வந்துவிட்டது. ஜனவரியில் முதல் சனிக்கிழமை படுத்து எழுந்தால் விடிந்திருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியவில்லை. பால்காரன் வரவில்லை. பேப்பர் வரவில்லை. செல்போனில் மணி இருந்தது, தேதி இல்லை, யாரைக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் அடிக்கவே இல்லை. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டிப்போய்ப் பார்த்தால் ரோடு இருந்தது, கடை இருந்தது, ஆள் இல்லை, பஸ் இல்லை. கரண்ட் மட்டும் வந்தது, அதுவும் மீட்டர் ஓடாமல் வந்தது. சாந்தாமணி காலண்டர் மாட்டியிருக்கிற வீடுகளில் மட்டும் ஆள் நடமாட்டம். ஆரும் அதிசயப்படவில்லை. "ஓ, அந்தச் செவப்பு வட்டம்" என்று சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணி வராத நாளை எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் தூங்கினார்கள். ஐயோ, அந்தத் தூக்கத்தை என்னவென்று சொல்ல! விடிந்தும் தூங்கினார்கள், வெயில் முகத்தில் அடித்தும் புரண்டு படுத்துத் தூங்கினார்கள், புருசன்மார் வந்து காலைச் சுரண்டியபோது "இன்னைக்கு எந்தக் கெழமையும் இல்லீங்க" என்று கண்ணைத் திறக்காமலேயே சொல்லிவிட்டுத் தூங்கினார்கள். சாந்தாமணி முதுகு வலிக்கிற வரைக்கும் படுத்திருந்தாள், எழுந்து பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தாள், மறுபடியும் படுத்தாள். பாத்திமுத்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான் அன்றைக்கு அவள் செய்தது. மூணாவது லைனில் ஒருத்தி பொழுதுக்கும் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து, இருட்டியதும் எதற்கென்று தெரியாமல் ஓவென்று அழுதாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, பால்காரன் வந்தான், வெளியூர்க்காரர்கள் யாருக்கும் ஒரு நாள் நடுவே போனதே தெரியவில்லை. கருக்கன்காட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதற்கு 'நம்ம நாளு' என்று பேர் வைத்தார்கள்.

நம்ம நாளு நாலு வாரம் நம்ம நாளாக இருந்தது.

ஐந்தாவது வாரம் சென்னியப்பன் வெள்ளிக்கிழமையே கறி எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தான். "அன்னைக்குக் கறிக்கடை இருக்காதல்லோ, அதான் முன்கூட்டியே எடுத்துட்டேன், பாத்தியா என்ற மூளைய" என்றான். பக்கத்து லைன் ஆண்கள் எல்லாரும் அந்த மூளையைப் பின்பற்றினார்கள். அப்புறம் ஜோசியர் வந்தார். ராகு காலம் இல்லாத நாள் ஊருக்கு ஆகாது என்று சொல்லி, அதற்கும் ஒரு ராகு காலம், ஒரு எமகண்டம் குறித்துக் குடுத்தார். ராகு காலம் வந்ததும் அதற்கு விளக்குப் போட வேண்டியதாயிற்று, விளக்குப் போட்டதும் கோயில் கமிட்டி கூடியது, பெயரில்லாத நாளுக்கு விசேச பூசை என்று தீர்மானம் ஆயிற்று, பொங்கல் வைப்பது பெண்கள் முறை என்பதையும் அவர்களே தீர்மானம் பண்ணிக்கொண்டார்கள். டியூசன் வாத்தியார் விடுவாரா? கூடுதலாக ஒரு எச்சா வகுப்பு வைத்தார், பிள்ளைகளுக்கு டப்பா கட்ட வேண்டும் என்றார். வீட்டுக்கு வீடு ஒட்டடை அடிக்கிற நாள், போர்வை அலசுகிற நாள், மாமியார் வீட்டுச் சனம் வந்து இறங்குகிற நாள் எல்லாம் அதுவேயாயிற்று. ஆண்கள் அதை 'எச்சா நாளு' என்று கூப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டுப் பெண்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது, அதைத்தான் சாந்தாமணியால் தாங்க முடியவில்லை.

கடைசியில் முதலாளி மோப்பம் பிடித்தார். சூப்பர்வைசர் கோவிந்தராசு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒரு காலண்டரை வரவழைத்து, தன் நாற்காலிக்குப் பின்னால் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்தச் சனிக்கிழமை கம்பெனியிலேயே படுத்து, விடிந்ததும் மீட்டர் பெட்டியைத் திறந்து, சக்கரம் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தாராம். அடுத்த வாரம் கோவிந்தராசு மொபெட்டில் லைன் லைனாக வந்தான். "எச்சா நாளைக்கு எல்லாரும் ஷிப்ட்டுக்கு வந்தரோணும். வராதவங்க திங்கக்கெழமையும் வர வேண்டாம்."

"கூலி?" என்று பாத்திமுத்து கேட்டாள்.

"சம்பளம் வாரத்துக்குத்தான? வாரம் ஒண்ணுதான இருக்குது? லேபர் ஆபீசர்கிட்டப் போயிச் சொல்லலாமுன்னா சொல்லு. எந்த நாளுன்னு சொல்லுவ?"

போனார்கள். வேறென்ன செய்வார்கள்? ஆள் இல்லாத ரோட்டில், எந்தக் கிழமையும் இல்லாத விடிகாலையில், டிபன் தூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். சாந்தாமணியும் போனாள். பீஸை விரித்து விரித்துப் பார்க்கிறபோது ஒவ்வொரு பீஸிலும் அவளுக்கு அந்தச் சிவப்பு வட்டம் தெரிந்தது. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், காலையில் ஊறப்போட்ட கடலையை வேகவைக்கச் சொல்லிச் சென்னியப்பன் சட்டையைக் கழட்டிக்கொண்டு நிற்கிறான். அவனும் அதே ஷிப்ட்டு பார்த்துத்தான் வந்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு வீட்டு வாசலோடு ஷிப்ட்டு முடிகிறது.

மாசி முடிவதற்குள் பாத்திமுத்து பொறுமை இழந்தாள். காலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுக்குச் சுக்காகக் கிழித்து, வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். சனிக்கிழமை படுத்து எழுந்தால், அந்தப் பாழாய்ப்போன நாள் அவள் வீட்டுக்கும் வந்து நின்றது. சாம்பலை ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து சாந்தாமணி முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எரிச்சாலும் போவ மாட்டேங்கு! எதுக்குக்கா இதைக் கொண்டாந்து எங்க தலையில கட்டுன? ஞாயித்துக்கெழமை மட்டும் இருந்தப்ப ஒரு நாளுதான் செத்தோம். இப்பம் ரெண்டு நாளு சாவுதோம்."

சாந்தாமணிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் தனக்கென்று போட்டது, அவள் கண் முன்னாலேயே எல்லாருடைய கழுத்துக்கும் கயிறாகிவிட்டது. வீட்டுக்குள் போனாள். செக்கிங் கத்திரியை எடுத்தாள். தன் வீட்டுக் காலண்டரை மடியில் போட்டு, மாசத்துக்கு மாசம், அந்த எட்டாவது வரிசையை மட்டும் மடிப்போடு சேர்த்து நறுக்கிப் போட்டாள். அந்த வாரம் அவள் வீட்டில் சனி படுத்து ஞாயிறு எழுந்தார்கள். எரித்தால் போகாதது போட்ட கையே வெட்டினால் போய்விட்டது.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். எச்சா நாளில் சென்னியப்பன் மிசினும் அவள் மேசையும் காலியாக இருந்ததாம், ஏன் வரவில்லை என்று கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்துப் போனாள். ஆறுச்சாமி முதலாளி உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அதுவே அவளுக்குத் திக்கென்றது.

"அம்மிணி, நேத்தெல்லாம் உன்னைத் திட்டோணுமுன்னுதான் இருந்தேன். ஆனா உனக்கு நான் நன்றியல்லோ சொல்லோணும். வெளிநாட்டுக்காரன் கேக்கற தேதிக்கு மொதல் நாளே சரக்கு ஏத்தறேன். உன்ற கைராசி!"

"எங்க வீட்டுதை வெட்டிப்போட்டனுங்க."

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். கோவம் வரத்தான் செய்யும். அதெல்லாம் புதுசு போட்டுக்கலாம்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உன்ற ஊட்டுக்காரன் டீக்கடையில சொல்லீட்டு இருந்தானாமா. தாளை இன்னொரு மடிப்பு மடிச்சா பதினாறு கட்டம் வருமாமே?"

சாந்தாமணி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏழு போனா ஒம்பது நாளு எச்சா! ரோசனை பண்ணிப் பாரு அம்மிணி. சோறு நம்ம கம்பெனியிலயே போட்டர்றேன். படுக்கறதுக்குப் பாய் குடுத்தர்றேன். வீட்டுக்குப் போறது வாறதுங்கற அலைச்சலே இல்லை. உங்களுக்குந்தான நல்லது?"

நல்லதாம்! அவள் அந்த ஆளின் வாயையே பார்த்தாள். தின்கிற சோற்றையும் படுக்கிற பாயையும் சொல்கிற வாய், அந்த ஒன்பது நாளில் ஒன்றைக்கூட அவர்களுக்கு விட்டுவைக்க நினைக்காத வாய். சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று சொன்ன வீட்டு வாயையும் அதனோடு சேர்த்து நினைத்தாள். மூலையில் இருந்த மூட்டை அன்றைக்குத்தான் முழுசாக அவிழ்ந்தது. அவிழ்ந்த பிற்பாடு அவள் குரல் பதறவே இல்லை.

"போட்டுக் குடுக்கறனுங்க. ஆனா பழசு சொவத்துல இருந்தா புதுசு பிடிக்காதுங்க. மொதல்ல எல்லா வீட்டுலயும் நானே போய்ப் பழசை வெட்டி எடுத்தரோணும். புதுசுல மொத காலண்டர் உங்க ரூம்புல மாட்டறேன். நீங்க வர்ற சனிக்கெழமை இங்கயே படுத்து, ஷிப்ட்டை ஆரம்பிச்சு வெச்சீங்கன்னா நல்லாருக்கும்."

"பேஷா! கோவிந்தராசு, அம்மிணி கூடப் போ. ஒரு வீடு விடாமப் பாத்துக்க."

அந்த வாரம் முழுக்கச் சாந்தாமணி கத்திரியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கூடவே கோவிந்தராசு மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்தான், வாய் சும்மா இராமல், "இனிமே ஒம்பது நாளு எச்சா, பொட்டி படுக்கையோட வந்தருங்க" என்று வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் பக்கத்தில் நிற்கிறபோது அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கேட்ட பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "மொதலாளி ரூம்புல டீ குடிச்சவ அல்லோ, நல்லாக் குடிச்சயா?" என்றாள் ஒருத்தி. எறும்பு பார்த்துக்கொண்டிருந்தவள் மண்ணை வாரி இறைத்தாள். அழுதவள் தன் காலண்டரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "அந்த மொத நாலு வாரத்தை மட்டுமாவது வெச்சுட்டுப் போ" என்று கெஞ்சினாள். சாந்தாமணி அதையும் வாங்கி வெட்டினாள். எண்ணெய்த் தலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்த நாளும், புரண்டு புரண்டு தூங்கிய நாளும் சேர்ந்துதான் கத்திரிக்குள் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வெட்டினாள். பாத்திமுத்து கதவைத் திறக்கவே இல்லை, உள்ளே அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே நின்று சாந்தாமணி கத்தினாள்.

"சாம்பலையாவது குடு, முத்து!"

லேசாக விலகிய கதவுச் சந்து வழியே சாம்பல் டப்பா உருண்டு வந்தது. கோவிந்தராசு சிரித்தான். அவள் வாசலிலேயே குத்த வைத்து உட்கார்ந்து, டப்பாவைக் கவிழ்த்து, அந்தச் சாம்பலை விரலால் எட்டு வரிசையாகப் பிரித்து, எட்டாவது வரிசையைக் கத்திரியால் ஒதுக்கித் தள்ளினாள். கதவுச் சந்தில் ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே அழுகை நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினாறு வரிசை காலண்டர் தயார். ஒன்றே ஒன்று. நாலு மடிப்பு, ஒரு மாசத்துத் தாள் வாசல்படி நீளம். ஒன்பது வரிசைச் சிவப்பு வட்டம், பார்த்தால் அம்மை போட்ட உடம்பாட்டம் இருந்தது. மற்ற வீட்டுக் காலண்டரெல்லாம் எங்கே என்று கோவிந்தராசு கேட்டான். சாயம் காய வேண்டும், சனிக்கிழமை இருட்டினதும் வீட்டுக்கு வீடு குடுத்துவிடுகிறேன் என்றாள். அவனும் சரியென்று போய்விட்டான். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு முதலாளி அறையில் இருந்த பழசையும் வெட்டி எடுத்துவிட்டு, ஆணி அடித்து அதைத் தன் கையாலேயே மாட்டினாள். கம்பெனிக்குள் அரிசி மூட்டை இறங்கியிருந்தது, பாய் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. முதலாளி பட்டு வேட்டியில் இருந்தார். வாட்ச்மேனைக்கூட வீட்டில் படுத்துக் காலையில் ஆள்களோடு வரச் சொல்லிவிட்டார்.

கருக்கன்காட்டில் அன்றைக்கு ராத்திரி பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துக்கொண்டு, புதுக் காலண்டர் வரும் வருமென்று பார்த்து, வராமலேயே எல்லாரும் படுத்தார்கள். எழுந்தபோது பால்காரன் மணியடித்தான். பேப்பர் வந்து விழுந்தது. செல்போனில் தேதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாதா ஞாயிற்றுக்கிழமை. "இதென்ன கூத்து?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறபோதுதான், கம்பெனி கேட் திறந்து ஆறுச்சாமி முதலாளி வெளியே வந்தார்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் பார்த்த ஆள்தான். ஆனால் மீசையில் மை போய் வெள்ளை வெளேரென்று இருந்தது. தாடி முளைத்திருந்தது. பட்டு வேட்டி அழுக்கேறி, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அவருக்கு அரிசி மூட்டை இருந்தது, அடுப்புப் பற்றவைக்கத் தெரியவில்லை. நூறு பாய் இருந்தது, பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. ஒன்பது நாளும் பிஸ்கட் தின்று, தண்ணி குடித்து, ஆள் இல்லாத மிசின்களுக்கு நடுவில் நடந்து நடந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தன் பங்களாக் கதவைத் தட்டித் தட்டி, யாரும் திறக்காமல் திரும்பி வந்திருக்கிறார். ஊருக்கு அது ஒரு ராத்திரி. லைன் முழுக்க வழிவிட்டு நின்றது. சுருட்டிய காலண்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நேராகச் சாந்தாமணி வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, கிழிச்சாப் போகாதுன்னு சொன்னாங்க. அதான் கிழிக்காம எடுத்துட்டு வந்தேன். வெட்டி விட்டுரு."

சாந்தாமணி வாசல்படியில் நின்றாள். தலை கலைந்திருந்தது. "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க. நான் வேலை செய்யறதில்லை."

"சித்த நேரந்தான! நறுக்குன்னு வெட்டினா முடிஞ்சு போச்சு."

"கறியாக்கறதும் சித்த நேரந்தானுங்க. துணி துவைக்கறதும் சித்த நேரந்தானுங்க."

"செரி, நாளைக்கு வெட்டு. கம்பெனிக்கு வந்ததும் மொத வேலையா…"

"கம்பெனி நேரத்துல சொந்த வேலை பாக்கக் கூடாதுன்னு நீங்கதான போர்டு மாட்டி வெச்சிருக்கறீங்க. பொழுதுக்கும் அங்கதான் நிக்கறேன். வீடு வர்றப்ப இருட்டீரும், இருட்டுல மடிப்புத் தெரியாதுங்க."

"லீவு போட்டுக்க! சம்பளத்தோட லீவு!" அவர் கக்கத்துக் காலண்டரை எடுத்து நீட்டினார்.

"லீவுல வேலை செஞ்சா அது லீவு இல்லீங்க."

யாரோ ஒருத்தி கக்கென்று சிரித்தாள், பாத்திமுத்துதான். முதலாளி திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள், பெண்கள் ஒருத்தியும் குனியவில்லை.

"அடுத்த சனிக்கெழமை மறுபடியும் வந்துருமே அம்மிணி. அங்க ஆருமே இல்லை. சத்தம் போட்டாக் கேக்கறக்கு ஒரு குருவி இல்லை. எப்பத்தான் வெட்டுவ?"

"எனக்கு நேரம் கெடைக்கட்டுமுங்க" என்றாள் சாந்தாமணி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அடுத்த வீட்டில் பாத்திமுத்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டில் கேட்டது. லைன் நெடுகக் கேட்டுக்கொண்டே போய், மூணாவது லைன் வரைக்கும் போயிற்று. உள்ளே சென்னியப்பன் கறிப்பையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அடுப்பு அங்க இருக்குது, வெங்காயம் கூடையில இருக்குது" என்றாள் சாந்தாமணி. "நான் தூங்கப் போறேன். சத்தமில்லாமப் பொட்டாட்ட ஆக்குங்க."

பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெளியே முதலாளி கதவைத் தட்டினார், நிறுத்தினார், மறுபடியும் தட்டினார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள், அப்புறம் தூங்கிப்போனாள்.